ராசியில்லாத கை

வாங்க தாயி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கிடக்கட்டும். மதுரைக் காலேஜுல இருந்தா வாறீக? இந்த வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறியா? யாரப் பாக்கணும்? ராமுத்தாயையா? அதான பாத்தேன். இந்த வீட்டு வாசப்படி ஏறுன ஆளு என்னையப் பாக்க வந்ததாச் சரித்திரமே கிடையாது.

இப்ப அவளப் பாக்க முடியாது. பதினோரு மணிக்கு மாத்திரை போட்டிருக்கா. அது பிடிக்க முக்கா மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் கையும் காலும் அவ சொன்னபடி கேக்காது, கட்டில்ல சாஞ்சு கண்ண மூடிக் கிடப்பா. பிடிச்சதும் தானா எந்திரிச்சு வருவா. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. நான் பவுன்தாய். அவளுக்குத் தங்கச்சி. கூடப் பிறந்த தங்கச்சி இல்ல, அவ எங்க பெரியம்மா மக. ஆனா கூடப் பிறந்தவளவிட எனக்கு அதிகமாத்தான் செஞ்சிருக்கா, அதைக் கேட்டா நீங்க கொண்டாந்த பேனா மை தீந்துரும்.

அது என்ன ஃபாரம்? இம்புட்டுக் கேள்வியா?

சின்ன வயசுல பூச்சிமருந்துல புழங்கினாகளான்னு கேக்கணுமா. எதுக்கு? ஓ. சின்னப் பிள்ளையில அது ஒடம்புல பட்டவுகளுக்கு, வயசான பெறகு அக்காவுக்கு வந்திருக்கிற இந்த நடுக்கவாதம் வர வாய்ப்புக் கூடன்னு சொல்றாகளா. இதாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அதுக்குத்தான் ஊர் ஊராக் கேட்டு எழுதுறீக. சரி, எழுதுங்க. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துல வளந்தவுகளைக் கணக்கெடுத்தா உங்க பை கொள்ளாது.

நாங்க அதை மருந்துன்னுதான் சொல்லுவோம் தாயி. எங்கய்யாவும் மருந்துன்னுதான் சொன்னாரு, கடைக்காரனும் மருந்துன்னுதான் குடுத்தான். விஷம்னு யாரும் சொல்லல. கொடிக்குச் சீக்கு, அதுக்கு மருந்து. பிள்ளைக்குக் காய்ச்சல்னா மருந்து குடுக்குறதில்லையா, அந்த மாதிரி.

அந்தா செவத்துல சாத்தியிருக்கே ஒரு போர்டு, அதைப் படிங்க. சத்தமாப் படிங்க. ராமுத்தாய் உரம் மற்றும் பூச்சிமருந்துக் கடை. ஆமா, என் மகன் லோகுதான் கடை வைக்கிறான். வாற வெள்ளிக்கிழமை திறப்பு. பத்து மாசம் சுமந்து பெத்தவ நான், போர்டுல பேரு அவ பேரு. முதல் போணியும் அவதான். அவ கையால முதல் டப்பாவ எடுத்துக் குடுத்தாத்தான் யாவாரம் ஓடுமாம். அந்தக் கையப் பாத்தீகன்னா, ஒரு டம்ளர் தண்ணியப் பிடிச்சா பாதி சேலைக்குத்தான் போகுது. டப்பாவக் கீழ போட்டு உடைச்சிருவாடான்னு சொன்னேன். அதுக்கு எம்மகன் சொல்றான், "பெரியம்மா கைராசி உனக்குத் தெரியாதாம்மா? உனக்கு ஏன் எப்பப் பாத்தாலும் வயித்தெரிச்சல்?"

வயித்தெரிச்சல்தான். நான் இல்லைன்னா சொன்னேன்? எனக்கு அம்பது வருசமா எரியுது.

இந்த ஊருல அவ கைராசி அப்படிப் பேரு வாங்கியிருச்சு தாயி. பூக்காரி கூடையை இறக்கினா முதல் முழம் ராமுத்தாய்க்குத்தான். கிணறு தோண்டினா முதல் மண்வெட்டி அவ கை. அடுத்த வீட்டுல கன்னுக்குட்டிக்குக் கயிறு மாத்தணும்னாலும் வந்து நிப்பாக. நானும் பக்கத்துலதான் நிப்பேன். "பவுனு, நீ கொஞ்சம் தள்ளி நில்லு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாக. என் கை ராசியில்லாத கையாம். இந்தப் பட்டத்தை எனக்குக் கட்டினது ஊரு இல்ல. என்னையப் பெத்த ஆத்தா.

சொல்றேன், இருங்க. மோரு குடிங்க மொதல்ல.

எங்க பெரியம்மா மஞ்சக்காமாலையில போயிட்டாக. அவுக வீட்டுக்காரரு வேற கல்யாணம் முடிச்சுக்கிட்டு மலைக்கு ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டாரு. ஆறு வயசுல ராமுவ எங்கம்மா இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வந்தாக. எனக்கு அப்ப நாலு. அந்த இடுப்பு அதுக்கு மொத நாளு வரைக்கும் என் இடுப்பு. ஊரே எங்கம்மாவப் புகழ்ந்துச்சு. அக்கா மகளை இப்படி யாரு பாப்பா, பெத்த மகளவிட மேலயில்ல வச்சிருக்கான்னு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

எங்களுக்கு முக்கா ஏக்கர் பன்னீர் திராட்சை. கொடியக் கவாத்து வெட்டிட்டா, பெறகு மருந்தோட மருந்துதான். தோட்டத்து மூலையில ஒரு சிமிட்டித் தொட்டி. மருந்துப் பொடியத் தண்ணியில கொட்டினா கட்டி கட்டியா மிதக்கும். கட்டி கிடந்தா மருந்தடிக்கிற மிஷினு முனையில அடைச்சுக்கும், எங்கய்யா கெட்ட வார்த்தையில பேசுவாரு. குச்சியப் போட்டுக் கலக்கினா கட்டி வழுக்கிக்கிட்டு ஓடும். விரலாலதான் நசுக்கணும். முழங்கை முங்கக் கைய விட்டு, அடியில தேடித் தேடி நசுக்கணும். அதுக்குச் சின்னக் கைதான் தோது. அதனால எங்க ரெண்டு பேரையும் அய்யா கூட்டிட்டுப் போனாரு. எனக்கு ஒம்பது வயசு, அவளுக்குப் பதினொண்ணு.

அம்புட்டு சந்தோசம் தாயி எனக்கு. பால் மாதிரி தண்ணி. குளுகுளுன்னு இருக்கும். யாரு கட்டி நிறைய நசுக்குறான்னு எங்களுக்குள்ள போட்டி. நாலு நாளோ அஞ்சு நாளோதான் போனேன்.

அந்த வாரத்துல என் கோழி ஒண்ணு செத்துப்போச்சு. கழுத்துல ரோமம் இல்லாத கோழி, நான் குஞ்சுல இருந்து வளத்தது. நாங்க கை அலசின தண்ணி வாய்க்கா ஓரத்துக் குழியில தேங்கிக் கிடந்துச்சு, அதைக் குடிச்சிட்டு ரெண்டு சுத்துச் சுத்தி விழுந்திருச்சு. கொழம்பாவது வைங்கன்னு அழுதேன். எங்கம்மா அதைக் குழி வெட்டிப் புதைச்சாக. அம்புட்டு ஆழத்துக்கு ஒரு கோழியப் புதைச்சு நான் பாத்ததில்ல.

மறுநாளு தோட்டத்துக்குக் கிளம்புறேன், எங்கம்மா வாசல்ல மறிச்சாக. "நீ போக வேணாம். உன் கை பட்ட வரிசையில கொடி கருகிருச்சு. ராமு கை பட்டதுதான் பச்சுன்னு நிக்குது. அவளுக்குத்தான் கைராசி." அய்யாகிட்டயும் அதையே சொன்னாக. அய்யாவுக்கு வெள்ளாமைன்னா உசுரு, அப்படியே நம்பிட்டாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரவுககிட்டயும் எங்கம்மா சொல்லி வச்சாக. ஊரு பூராம் பரவிருச்சு.

பெறகு என்ன, மருந்தடிக்கிற நாளெல்லாம் அவ ராணி. அய்யா சைக்கிள்ல உக்காந்து போவா. வேலை முடிஞ்சு வந்தா அவளுக்கு மட்டும் முட்டை. அவிச்ச முட்டை, உப்பும் மிளகும் போட்டு எங்கம்மாவே ஊட்டுவாக. என் கோழி போட்ட முட்டை தாயி. நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். என்னையப் பையத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன்னு விரட்டி விட்டாக. எட்டாப்பு வரைக்கும் விரட்டுனாக. பிந்திச் சேத்திருந்த அவளை மூணாப்போட நிறுத்தி வீட்டோட வச்சுக்கிட்டாக. பிரியமான பிள்ளையத்தான வீட்டோட வச்சுக்குவாக?

சிரிக்காதீக. எனக்கு அப்ப அப்படித்தான் பட்டுச்சு. இப்பவும் அப்படித்தான் படுது.

ஆறு வருசத்துக்கு முந்தி எங்கம்மா சாகக் கிடக்கையில கூட பாருங்க. ராமுவுக்கு நடுக்கம் ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆகியிருந்துச்சு. தலைமாட்டுல நான் ராப்பகலா உக்காந்திருந்தேன், பீ மூத்திரம் அள்ளினது நான். எங்கம்மா யாரு கையப் பிடிச்சாகங்கிறீக? அந்த நடுங்குற கைய. எடுத்து நெஞ்சு மேல வச்சுக்கிட்டு, விரலு ஒவ்வொண்ணாத் தடவித் தடவி அழுதாக. "உன் கையி, உன் கையி"ன்னு அம்புட்டுத்தான் வாயில வந்துச்சு. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. அன்னைக்கு நெனச்சேன், சரி, கடைசி வரைக்கும் அவளுக்குத்தான் ஆத்தா, நமக்கு இல்லன்னு.

இப்ப என் மகனும் அவ பக்கம். டாக்டருகிட்ட அவளுக்குக் காரு பிடிக்கிறான். எனக்கு முட்டிவலி, பஸ்ஸுல போறேன். டம்ளர என் மருமக அவ வாய்கிட்டப் பிடிச்சுக் குடுக்குறா. நான் பிடிக்க மாட்டேன். அந்தக் கையத் தொடுறதில்லன்னு ஒரு வீம்பு எனக்கு. தொட்டே பல வருசமாச்சு.

கேளுங்க, வேற என்ன கேள்வி? அவளுக்குப் பதிலா நானே சொல்றேன், எல்லாம் எனக்குத் தெரியும்.

எம்புட்டு வருசம் கலக்கினா? பதினொண்ணுல இருந்து, கல்யாணம் முடிஞ்சு போற வரைக்கும். எட்டு வருசம்னு போடுங்க. கையில உறை கிறை? அதெல்லாம் நாங்க கண்ணுல பாத்ததில்ல. மூஞ்சிக்குத் துணி? கிடையாது. பந்தலுக்குக் கீழ நின்னு மேல பாத்து அடிக்கிறது தாயி, அடிச்சது பூராம் திரும்ப நம்ம தலையிலதான் இறங்கும். அவளும் அய்யாவுக்குக் குழாயத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நனைஞ்சு நிப்பா.

கலக்கின பெறகு கைய எதால கழுவினாகன்னா கேக்குறீக? எங்க கழுவினா. வாய்க்கால்ல ஒரு அலசு அலசுவா, பாவாடையில துடைப்பா, அம்புட்டுத்தான். அந்தக் கையோடதான் வந்து உக்காருவா, முட்டை திங்க. எங்கம்மா அவளக் கை கழுவிட்டு வான்னு ஒரு நாளு சொன்னதில்ல. அவ்வளவு செல்லம்.

நானா? அந்த நாலஞ்சு நாளுக்குப் பெறகு நான்தான் கலக்கவே இல்லையே. ஒரே ஒரு நாளு, திருட்டுத்தனமா. அது வேற கதை. ராசியில்லைன்னு சொன்ன பெறகு எனக்கு ஆத்திரம் தாங்கல. ஒரு நாளு பள்ளிக்கூடம் போறேன்னு சொல்லிட்டு நேரா தோட்டத்துக்கு ஓடினேன். ராமு வாறதுக்கு முந்தி தொட்டியில கைய விட்டு எல்லாக் கட்டியையும் நானே நசுக்கினேன். கருகுதா பாப்போம்னு. எங்கம்மா பாத்துட்டாக.

ஆத்தாடி, அன்னைக்கு வாங்கின அடி. அதுக்கு முந்தியும் அடிச்சதில்ல, பெறகும் அடிச்சதில்ல. தலைமயிரப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கிணத்தடியில உக்கார வச்சு, புளியும் சாம்பலும் வச்சுத் தேச்சாக பாருங்க கைய. பெறகு சவுக்காரம். பெறகு மறுபடியும் புளி. நகத்துக்குள்ள ஈர்க்குச்சிய விட்டு ஒவ்வொரு நகமாக் கிண்டினாக, ரத்தம் வந்திருச்சு. நான் கத்துறேன், விடல. பூப்போட்ட கவுனு போட்டிருந்தேன், புதுசு, அதைக் கழட்டி அடுப்புல போட்டாக. "ராசி கெட்ட கைய வச்சுக்கிட்டுத் தொட்டிப் பக்கம் போவியா, போவியா"ன்னு கேட்டுக் கேட்டுத் தேய்க்கிறாக. அவுகளும் அழுகுறாக. என் கை பட்டாத் தீட்டுங்கிற மாதிரி அப்படித் தேச்சாக. ராமு கைய மட்டும் ஒரு நாளுகூட...

ராமு கைய ஒரு நாளுகூடத் தேய்க்கல.

இருங்க தாயி. எழுதாதீக. கொஞ்சம் இருங்க.

நீங்க என்ன கேட்டீக? கைய எதால கழுவினாகன்னு. இந்தக் கேள்விய இது வரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல. நானும் என்னையக் கேட்டுக்கிட்டதில்ல.

அந்தக் கோழி செத்த மறுநாளுதான எனக்கு ராசி போச்சு.

எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அது மருந்து இல்லன்னு தெரிஞ்சிருக்கு. தொட்டியில யாரு கையாவது போயித்தான் ஆகணும், அய்யா விட மாட்டாரு, வெள்ளாமை போயிரும். ரெண்டு கை இருந்துச்சு வீட்டுல. ஒண்ணு அக்கா மக கை, ஒண்ணு தன் மக கை. அவுக ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டாக. எடுத்து வச்சது அவளை இல்ல தாயி, என்னைய. அந்தக் கைராசிங்கிறது எங்கம்மா வாயால செஞ்சது. அதுக்குத்தான் அந்த முட்டை. சாகையில அழுதாகளே, அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு, அதுவும் பிரியத்துல இல்ல.

அம்பது வருசமா நான் எதுக்கு எரிஞ்சேன்? எங்கம்மா எனக்கு ஆத்தாவா இருந்தாகளான்னு தெரியணும், அது ஒண்ணுதான். இருந்திருக்காக. எனக்கு மட்டும்தான் இருந்திருக்காக. இது தெரிஞ்சா ஆடிப் பாடுவேன்னு நெனச்சிருந்தேன்.

இதை யாருகிட்டப் போயிச் சொல்லுவேன் சொல்லுங்க? ஒரு மாசமா அந்தப் போர்டுல அவ பேரு வேணாம், வேணாம்னு கத்திக்கிட்டு இருக்கேன். இன்னைக்கும் போயி, டேய் லோகு, மருந்துக் கடைக்கு அவ பேர வைக்காத, முதல் டப்பாவ அந்தக் கையில குடுக்காதன்னு சொல்லப் போறேன். அவன் என்ன சொல்லுவான்? வயித்தெரிச்சல்ம்பான். ஏன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அவளுக்குப் புருசன் நிலைக்கல, பிள்ளை இல்ல, பள்ளிக்கூடம் இல்ல. அந்தக் கைராசி ஒண்ணுதான் அவ சொத்து. சின்னம்மா என்னைய உசுரா வளத்தாகன்னு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவா. அதைப் பிடுங்கணும்னுதான் நான் இம்புட்டு வருசமாக் காத்துக் கிடந்தேன். இப்ப அதுக்கு வழிய நீங்களே என் கையில குடுத்துட்டீக.

தாயி, அந்தக் கடைசிக் கேள்வி, உங்களை ஏன் கலக்க விட்டாகன்னு இருக்கே, அதை அவகிட்டக் கேக்காதீக. கேட்டே ஆகணுமா. எல்லாத்தையும் கேட்டுத்தான் ஆகணும்னு சொல்லி விட்டிருக்காகளா.

சத்தம் கேக்குதா? கட்டில்ல இருந்து இறங்கிட்டா. அவ நடை அப்படித்தான், சின்னச் சின்னதா, தரையத் தேச்சுக்கிட்டு.

வாக்கா. இங்க உக்காரு, நாற்காலியில. மதுரையில இருந்து உன்னையப் பாக்கத்தான் வந்திருக்காக, காலேஜுல இருந்து. தாயி, அவ பேச்சு இப்ப மெல்லமாத்தான் வரும். உங்களுக்குக் கேக்காது, நான் எடுத்துச் சொல்றேன்.

கேளுங்க.

அக்கா, உன்னைய ஏன் கலக்க விட்டாகன்னு கேக்குறாக. தொட்டியில. சின்ன வயசுல.

அவ என்ன சொல்றான்னா தாயி, ராசியான கைன்னு சொல்றா. அவ கை பட்டா மருந்து கேக்கும், கொடி தழைக்கும்னு சொல்றா. சின்னம்மாதான் அதைக் கண்டுபிடிச்சாகளாம். பெத்த மகளை ஓரமா நிறுத்திட்டு, தாயில்லாப் பிள்ளைக்கு அந்தப் பெருமையக் குடுத்தாகளாம். எந்த ஆத்தாளுக்கு அந்த மனசு வரும்னு கேக்குறா. வேணும்னா இவளைக் கேளுங்க, இவளுக்கு இன்னும் பொறாமைன்னு சொல்லிச் சிரிக்கிறா.

என்னக்கா? என்கிட்டயா கேக்குற? அம்மாவுக்கு யாரு மேல பிரியம் அதிகம்னா?

உன் மேலதான்க்கா. அதுல என்ன சந்தேகம். என்னையத் தள்ளித்தான வச்சாக.

எழுதிக்கங்க தாயி. ராமுத்தாய்க்குத்தான் கைராசி, அவ மேலதான் சின்னம்மாவுக்கு உசுருன்னு எழுதிக்கங்க. பொறாமைக்காரியே சொல்றேன், அப்ப அது உண்மையாத்தான இருக்கும்.

கையெழுத்தா? அவளுக்குப் போட வராது. கைநாட்டுதான். அந்த மைப் பெட்டியக் குடுங்க. அவ பெருவிரலு ஒரு இடத்துல நிக்காது, நான் பிடிச்சு வைக்கிறேன். இங்க குடுக்கா கைய. என்ன பாக்குற, பிடிக்கக் கூடாதா? பயப்படாத, என் கை பட்டா ஒண்ணும் கருகிராது. அழுத்து. அம்புட்டுத்தான், விழுந்திருச்சு.

எங்க எந்திரிக்கிற? குழாயில அலசிக்கிறியா? அலசினாப் போகாதுக்கா அது. உக்காரு, நான் புளியும் சவுக்காரமும் எடுத்தாறேன். தாயி, நீங்க மோரக் குடிங்க. கையக் குடு இப்படி. மைதான்க்கா, மைக்குத்தான் தேய்க்கிறேன். வேற எதுக்கு.